கை வெளியே வர ஒரு வழி

என் அண்ணி சுலைஹோ பேனாவால் ஒரே மூச்சில் நிலா போடுவாள். துணியை முழங்கால்மேல் இழுத்து வைத்து மூச்சை உள்ளே வாங்குவாள். அது வெளியே போய் முடிவதற்குள் ஒரு தட்டு அகலத்துக்கு வட்டம் போட்டு, ஆரம்பித்த புள்ளியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். அழிப்பது, திருத்துவது என்ற பேச்சே கிடையாது. புகாராவுக்குப் பக்கத்தில் ஷோஃபிர்கோனில் எங்கள் தெருவில் கல்யாணத் துணி தைக்காத வீடு இல்லை. ஊசி பிடிக்கிற கை முந்நூறாவது இருக்கும். வரைய இருந்தது அந்த ஒரு கைதான். கோடு இல்லாமல் ஊசி எங்கே போகும்? அதனால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைப் பிழிந்தோம். நானும்தான் பிழிந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

பதினெட்டு வயதில் அவள் புகாராவில் ஒரு தங்க நூல் ஆலையில் வரைகிற வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து மேசைக்காரி ஒருத்தி, "உன் இலை மட்டும் எப்படிடி இப்படி வளையுது?" என்று கேட்க, இவள் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள். சோவியத் ஆட்சி போய் ஆலையில் ஆள் குறைத்தபோது, வரைய ஒருத்தி போதும் என்றார்கள். சுலைஹோ வெளியே வந்தாள். அவளுடைய இலையைக் கற்றுக்கொண்டவள் உள்ளே இருந்தாள். அடுத்த வசந்தத்தில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து, பேனாவை எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். தேநீர் கொடுக்கப் போனால்கூட துணியின்மேல் தாவணியைப் போட்டு மூடிவிட்டுத்தான் திறப்பாள்.

"என்ன அண்ணி, உள்ள புதையலா வெச்சிருக்கே?" என்பேன்.

"ஒருதடவ காட்டிட்டுத் தெருவுல நின்னேன்டி. போதும்" என்பாள்.

கல்யாணத்தன்று சுவரில் தொங்கவிடுகிற எங்கள் கல்யாணத் துணி ஒரே துணி இல்லை. தறியிலிருந்து ஒடுக்கமாகத்தான் வரும். ஆறு பட்டைகளைப் பெரிய தையலாக ஒட்டிவைத்து, அதன்மேல் வரைபவள் முழுப் படத்தையும் வரைவாள். பிறகு தையலைப் பிரித்து ஆறு வீட்டுக்கு ஆறு பட்டையாகக் கொடுப்போம். அவரவர் பட்டையை அவரவர் பட்டு நூலில் நிரப்பிக் கொண்டுவந்தால், மறுபடி சேர்த்துத் தைப்பது. ஒரு நிலாவின் பாதி சிவப்பாகவும் மறுபாதி வெங்காயத்தோல் நிறத்திலும் வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சிரித்துச் சண்டை போட்டு ஒரு நாள் போகும்.

இன்னொன்று உண்டு. எந்தத் துணியிலும் ஏதாவது ஓர் இடத்தில் ஓர் இலையையோ காம்பையோ முடிக்காமல் விடவேண்டும். எங்கள் தெருவில் அதற்கு "வழி" என்று பெயர். கை வெளியே வர ஒரு வழி. எல்லாவற்றையும் அடைத்து முடித்துவிட்டால் அந்தக் கைக்கு அதுதான் கடைசி வேலை என்று எங்களுக்குப் பயம். மகளின் கல்யாணத் துணியில் வழி இல்லையென்றால் தாய்க்கு ஆகாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் சம்பந்தி வீட்டுப் பெண்கள் துணியை விரித்தவுடனே விரலால் தடவித் தேடுவார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஷோகிர் என்ற வியாபாரி எங்கள் தெருவுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். கடைக்குத் தலையணை உறை வேண்டும், எல்லாவற்றிலும் மாதுளை வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்றான். தெருவே பெருமூச்சு விட்டது. வருடம் முழுக்க வேலை என்றால் சும்மாவா? சுலைஹோ வரைந்தாள், நாங்கள் தைத்தோம். முதல் கட்டில் நாற்பது உறை திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும், அவள் வழி விட்ட இடத்தில், சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தான் பாவி.

"அக்கா, வாங்குறவங்க இத ஓட்டைன்னு சொல்றாங்க. அடைச்சுக் குடுங்க."

"அது ஓட்டை இல்ல தம்பி."

"எனக்குத் தெரியும்கா. அவங்களுக்குத் தெரியாதே."

அடைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் அடைத்தாள். ஒரு நாளைக்கு இருபது உறை, உறைக்கு ஐந்து மாதுளை. உச்சியில் கிரீடம், பக்கத்தில் இரண்டு இலை, முடிந்தது, அடுத்தது.

முதல் வருடம் முணுமுணுத்தாள். இரண்டாம் வருடம் பேச்சைக் குறைத்தாள். மூன்றாம் வருடம் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டு, அதைத் தானே குடித்து, ஒன்றும் தெரியாமல் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். வசந்த விழாவுக்குப் புது உடை தைத்துக்கொள்ளவில்லை. ரஷ்யாவிலிருந்து அண்ணன் போனில் கூப்பிட்டால், "ம், ம், சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஒரு மத்தியானம் அவள் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் மூடவுமில்லை, திட்டவுமில்லை. கை தானாக மாதுளை போட்டுக்கொண்டிருந்தது. கண் ஜன்னலுக்கு வெளியே முசுக்கட்டை மரத்தில் இருந்தது. அதைப் பார்த்தும் நான் என்ன செய்தேன்? "அண்ணி, என் அஞ்சு உறை ரெடியா?" என்று கேட்டேன். நான் அப்படிப்பட்டவள்.

நான்காம் வருடம் அவள் மகள் முவத்தருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பருத்தி எடுப்பு முடிந்ததும் ஐப்பசியில் வைத்தார்கள். பங்குனியிலேயே ஆறு பட்டையை ஒட்டி அலமாரியில் வைத்தாயிற்று. சித்திரை போனது, வைகாசி போனது, துணி வெள்ளையாகவே இருந்தது.

"அம்மா, ஊரு பூரா வரையிற. எனக்கு எப்பம்மா வரைவ?" என்று முவத்தர் கேட்டாள்.

"வரையறேன்."

"எப்போ?"

"வரையறேன்னு சொன்னேன்ல? போய் மாவப் பிசை."

மகள் போனதும் அலமாரியைத் திறந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "ஹோசியத், அந்தத் துணியப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடி. ஒண்ணுமே தோணல. கல்யாணத்துக்கு முன்னாடி வரையாமப் போயிடுவேனோ?"

"உனக்கா தோணாது? போ அண்ணி, சும்மா சீன் போடாத" என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

ஆனியில் ஒரு காலையில் கதவைச் சாத்திக்கொண்டாள். மதிய ரொட்டி தணலிலிருந்து வருவதற்குள் ஆறு பட்டையையும் முடித்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நிலா, இலை, கொடி எல்லாம் இருந்தது, எல்லாம் நேர்த்தியாகத்தான் இருந்தது. நாங்கள் ஓவென்று கத்தினோம். முவத்தர் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் மகள் முதுகை இரண்டு தடவை தட்டிவிட்டு, "உறை நிக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

தையலைப் பிரித்து ஆறு பேர் எடுத்துக்கொண்டோம். நான், எதிர் வீட்டு பீபிசோரா, வாயாடி கும்ரி, அப்புறம் தெருக்கோடியில் மூன்று வீட்டு மருமகள்கள். ஆவணி வரைக்கும் என் பட்டையில் தலை நிமிராமல் தைத்தேன். கடைசி இரண்டு சாண் இருக்கும்போதுதான் உறைத்தது. எங்கே வழி? மேலிருந்து கீழாகப் பார்த்தேன், கீழிருந்து மேலாகப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பும் போய் எதிலாவது முட்டி நின்றது. எல்லா இலையும் மூடியிருந்தது. நிலாவுக்குள் அவள் எப்போதும் போடும் பூ இல்லை, மாதுளை இருந்தது. கிரீடம், இரண்டு இலை.

சரி, வேறு பட்டையில் விட்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, உப்பு வாங்குகிற சாக்கில் பீபிசோரா வீட்டுக்குப் போனேன். அவள் பட்டை ஜன்னலோரம் கிடந்தது. அதிலும் இல்லை. கும்ரி வீட்டுக்கு மிளகாய் கேட்டுப் போனேன். அதிலும் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. பெற்ற மகளின் துணியில் ஒரு தாய் வழி விட மறப்பாளா? வேண்டுமென்று செய்தாளா? கேட்டால் என்ன ஆவாள்? ஏற்கெனவே ஒரு கிண்ணம் தேநீரைக் குடித்து முடிக்கத் தெம்பில்லாமல் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவள்.

கேட்கவில்லை. என் பட்டையில் அடியோரத்தில் ஒரு மாதுளையைத் தைக்காமல் விட்டேன். மைக்கோடு தெரியக்கூடாதே என்று சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். நிழல் மாதிரி ஒரு கறை மட்டும் மிச்சம். ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. எனக்குள்ளே பெரிய சாமர்த்தியக்காரி என்ற நினைப்பு.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பட்டைகளைச் சேர்க்க ஆறு பேரும் அண்ணி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். முவத்தர் தேநீர் கொண்டுவந்தாள். முதல் பட்டையை விரித்தோம். நடுவில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. இரண்டாவதை விரித்தோம். ஓரத்தில் வெள்ளை. மூன்றாவதில் வெள்ளை, நான்காவதில் வெள்ளை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் எல்லோரும் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தோம். ஆறிலும் ஓர் இடம் விட்டிருந்தது. ஆறிலும் கறை.

"என்னது இது?" என்றாள் சுலைஹோ. நான்கு வருடத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "நான் வரைஞ்சத யாரு அழிச்சா? ஆறு பேரும் சேந்து என் பொண்ணு துணிய அரைகுறையாக் கொண்டாந்திருக்கீங்களா?"

"சேந்தெல்லாம் இல்ல. நான் தனியாத்தான் அழிச்சேன்" என்றாள் பீபிசோரா.

"நானும் தனியாத்தான்" என்றேன்.

"எனக்கு அழிக்கணும்னு எல்லாம் இல்லப்பா. நேரம் பத்தல. கறை, என் பையன் சூப்பக் கொட்டிட்டான்" என்றாள் கும்ரி. அவள் எப்போதுமே அப்படித்தான், நல்ல காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்யமாட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பீபிசோராதான் மெதுவாகச் சொன்னாள். "சுலைஹோ, நீ வழி விடலம்மா. எங்கயுமே விடல. அதான்."

"விட்டேனே."

"பாரு."

அவள் துணிமேல் முழங்காலிட்டு ஒவ்வொரு பட்டையாக, சம்பந்திக்காரி மாதிரி, விரலால் தடவிக்கொண்டே போனாள். ஆறாவது பட்டையின் ஓரத்தில் விரல் நின்றது. "எனக்கு ஞாபகமே இல்லடி" என்றாள். "வேணும்னு செய்யல. கை பாட்டுக்கு அடைச்சிருக்கு. நான் அங்க இல்லவே இல்லியா?" அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முவத்தர் தேநீர்ப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அழுதாள். எனக்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தக் கையை மரக்கட்டையாக்கியதில் என் ஐந்து உறையும் உண்டு.

பிறகு சுலைஹோ எழுந்துபோய் பேனாவும் மையும் கொண்டுவந்தாள். "ஆறு வழி ஆகாது. ஒண்ணு போதும். மிச்சத்த வரைஞ்சு குடுக்கறேன், தைச்சுடுங்க." என் பட்டையிலிருந்துதான் ஆரம்பித்தாள். மூச்சை உள்ளே வாங்கினாள். கோடு இறங்கியது, வளைந்தது, மேலே ஏறத் தொடங்கியது. நாங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாதுளை.

பாதியில் பேனாவை எடுத்தாள். "பாத்தியா? பூ போடணும்னுதான் நெனச்சேன். இந்தக் கைக்கு இது மட்டும்தான் வருது." அழவில்லை. அழவும் தெம்பில்லை என்று நினைக்கிறேன். பேனாவைத் துடைத்து பீபிசோராவின் மடியில் வைத்தாள். "நீங்களே போடுங்க."

"நாங்களா? நான் குதிரை போட்டா கழுத மாதிரி வரும். கழுத போட்டா என் வீட்டுக்காரரு மாதிரி வரும்" என்றாள் கும்ரி.

"வரட்டும். நான் சொல்லித் தரேன்."

முப்பது வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டவள் சொன்ன வார்த்தை அது. முற்றத்தில், தெருக்கதவு விரியத் திறந்து கிடக்க, சொன்னாள். கையைத் திருப்பக்கூடாதாம், துணியைத் திருப்பவேண்டுமாம். பேனா முனையைப் பார்க்கக்கூடாது, கோடு போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். இலையைக் காம்பிலிருந்து தொடங்கக்கூடாது, நுனியிலிருந்து காம்புக்கு வரவேண்டும். இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது. இதற்கா இத்தனை வருடம் தாவணி போட்டு மூடினாய்?

"முதல்ல எங்க ஆரம்பிப்பே அக்கா?" என்று ஒரு மருமகள் கேட்டாள்.

சுலைஹோ துணியை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு, "வழி எங்க விடப்போறோம்னு பாத்துட்டு, அதுக்குப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்பேன்" என்றாள். "ஆலைல இருந்த காலத்துலேருந்தே அப்படித்தான். மொதல்ல அத முடிவு பண்ணிட்டா, மிச்சமெல்லாம் பயமில்லாம வரும். உறையில அது கிடையாதே. அதனால மறந்தே போயிட்டேன்." இதைச் சொன்னபோதுதான் அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. தூக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அசையுமே, அந்த மாதிரி.

பீபிசோரா ஒரு மிளகாய் போட்டாள், நன்றாகவே வந்தது. மருமகள்கள் மூவரும் ஒரு பறவை, ஒரு வாதுமை, ஒரு சின்ன நிலா போட்டார்கள். நிலா முட்டை மாதிரி இருந்தது. கும்ரி கத்தி போட்டாள். அது வெங்காயம் என்று நாங்கள் ஐந்து பேரும் சத்தியம் செய்தோம். "கண்ணு தெரியாதவங்களா! கத்திடி அது!" என்று அவள் கத்த, சுலைஹோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

எனக்கு மட்டும் இடமில்லை. என் இடத்தில்தான் அவள் பாதி மாதுளை போட்டுக் கெடுத்திருந்தாளே. "இத நான் முடிக்கவா அண்ணி?" என்றேன்.

"வேணாம் அத்தை" என்று முவத்தர் குறுக்கே விழுந்தாள். "அத யாரும் தொடாதீங்க. அம்மா பாதியில விட்டது. அதுதான் வழி."

சுலைஹோ மகளை நிமிர்ந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பி, "உனக்கு நாளைக்கு ஒரு உறை தரேன், மூஞ்சியத் தூக்காத" என்றாள்.

கல்யாணத்தன்று பெண்கள் அறைச் சுவரில் துணியைத் தொங்கவிட்டோம். புலாவ் வந்தது, முழவும் முழங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுப் பெரிய அத்தை, வாயில் தங்கப் பல் மின்ன, நேராகத் துணிக்குப் போய் விரலை வைத்தாள். விரல் மிளகாயைத் தாண்டியது, முட்டை நிலாவைத் தாண்டியது.

"இது என்ன, வெங்காயமா?"

"கத்தி" என்றாள் கும்ரி பல்லைக் கடித்துக்கொண்டு.

விரல் என் பட்டைக்கு வந்து, அடியோரத்தில், பாதி மாதுளையில் நின்றது. ஊசி தொடாத மைக்கோடு மட்டும், கிரீடம் இல்லாமல், இலை இல்லாமல். அவள் அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். "நல்ல பெரிய வழியா விட்டிருக்காங்களே. எங்க சம்பந்தியம்மா? கைக்கு முத்தம் குடுக்கணும்."

எல்லோரும் திரும்பித் தேடினோம். சுலைஹோ மூலையில், சீருக்கு அடுக்கிவைத்த மெத்தைகளில் சாய்ந்தபடி, புது உடையோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். முழவு அவள் காதுக்குப் பக்கத்தில்தான் அடித்தது. வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது, நகத்தில் மை. மகள் கல்யாணத்தில் தாய் தூங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா?

"எழுப்பட்டுமா?" என்றாள் சம்பந்தி அத்தை.

"யாராவது எழுப்பினீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்றேன். சம்பந்தி வீட்டுக்காரியிடம் போய் அப்படிப் பேசலாமா? பேசிவிட்டேன். முழவுக்காரியை அடுத்த அறைக்கு விரட்டினேன்.

அப்போது அண்ணியின் பையில் போன் அடித்தது. ஷோகிர்.

"சுலைஹோக்கா, கல்யாணம் முடிஞ்சுதா? மறுபடி இருநூறு உறை—"

"நான் ஹோசியத் பேசறேன். அவ தூங்கறா."

"அப்போ எப்போ எந்திரிப்பாங்க?"

"தெரியாது தம்பி. வசந்தம் ஆகலாம். அதுவரைக்கும் நாங்க ஆறு பேரும் வரைவோம். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒவ்வொண்ணுலயும் ஓட்டை இருக்கும். வேணும்னா வண்டிய எடுத்துட்டு வா."

அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். போனை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் குறட்டை விட ஆரம்பித்தாள்.